எங்கள் மண் அணையைக் காத்தவர்களுக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும், ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்களில் வாழும் உறவுகளுக்கும் வணக்கம்.

ஆந்திரத்து நகரி மலைகளின் அடிவாரத்தில், வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்குமாகப் பேசி வாழும் எங்கள் ஊருக்கு மேற்கே, காட்டோடை வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தும் சிறிய மண் அணை ஒன்று இருப்பதை இப்பகுதியினர் அறிவார்கள். கடந்த கார்த்திகை அடைமழையில் அணை நிரம்பி நின்ற வேளையில், அதன் வெளிச்சரிவின் அடியில் ஊற்று கிளம்பியது. அன்று அணை உடையாமல் நின்றதற்குக் காரணமானவர்களுக்கு, அணை நீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டு விவசாயிகள் சார்பில் இம்மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி, பாசன நீரைக் காத்துப் பிரித்துவிடும் எங்கள் நீர்க்கட்டிப் பெரியவருக்கு உரியது. மழைக்காலத்தில் எல்லோரும் கரையின் மேல் நடந்து நீர்மட்டத்தைப் பார்ப்பார்கள். அவர் கரையின் அடியோரம் டார்ச் விளக்கோடு நடப்பவர். மதகுக்கு வடக்கே தண்ணீர் கொப்பளிப்பதையும், அதைச் சுற்றி எறும்புப் புற்றைப் போல நுண்மணல் வட்டமாகக் குவிந்திருப்பதையும் கண்டவுடன், அவர் அந்த நீரை எவர்சில்வர் சொம்பில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வைத்திருந்தார். சொம்பின் அடியில் வண்டல் படிந்த பிறகே ஊரை எழுப்பினார். மண் கரை என்றால் ஓரளவு கசியத்தான் செய்யும். வருவது தெளிந்த நீராக இருக்கும்வரை கண்காணித்தால் போதும். கலங்கிய நீர் வந்தால் கரையின் உள்மண் அரித்து வெளியேறுகிறது என்று பொருள், அதன் பிறகு கிடைக்கும் அவகாசம் சில மணி நேரமாகவும் இருக்கலாம்.

அந்த நள்ளிரவில் தொலைபேசியில் அழைத்ததும் திருத்தணிப் பக்கத்திலிருந்து விடியுமுன் வந்து சேர்ந்த, பணி ஓய்வு பெற்ற பொறியாளர் ஐயாவுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. ஊற்றின் வாயில் களிமண்ணைக் கொட்டி அடைத்துவிடலாம் என்று இளைஞர்கள் டிராக்டரோடு தயாராக நின்றபோது, "வாயை அடைத்தால் தண்ணீர் வேறோர் இடத்தில் வாய் திறக்கும், மண்ணைத்தான் நிறுத்த வேண்டும், தண்ணீரை அல்ல" என்று சொல்லி அவர்களைத் தடுத்தவர் அவர். ஊற்றின் மேல் முதலில் ஆற்று மணலும், அதன் மேல் பொடி ஜல்லியும், அதற்கும் மேல் பெரிய ஜல்லியுமாகப் பரப்பச் செய்து, சுற்றிலும் மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே நீர் சற்று உயர்ந்து நின்று ஊற்றின் வேகத்தைக் குறைக்கும்படி செய்தார். உச்சிப்பொழுதுக்குள் அந்த வட்டத்திலிருந்து வழிந்த நீரில் நிறமே இல்லை.

நீர்வளத்துறை உதவிப் பொறியாளர் அவர்கள் மதகைத் திறந்த முறைக்கும் நன்றி கூறுகிறோம். ஒரேயடியாகத் திறந்துவிடச் சொல்லி ஊரார் நெருக்கியும் அவர் இசையவில்லை. நீர் சட்டென இறங்கினால், ஊறிக் கனத்த உள்சரிவு தாங்க ஆளின்றிச் சரிந்துவிடும் என்பதால், கதவைப் படிப்படியாகத்தான் உயர்த்தினார். எங்கள் ஓடை நகரியாற்றில் சேர்ந்து, கொசஸ்தலையாற்றின் வழியே பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போவது. ஆகவே ஒவ்வொரு முறை உயர்த்துமுன்பும் மாநில எல்லைக்கு அப்பால் திருவள்ளூர் மாவட்டத்து ஊர்களுக்குத் தகவல் போனது. மோட்டார்களைக் கழற்றி, மாடுகளை மேட்டுக்கு ஓட்டி, எங்கள் வெள்ளத்தை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்ட அவ்வூர் மக்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

ஆவணியிலேயே, அணையின் மிகுநீர் வழிந்தோடும் கலங்கலில் மண்டியிருந்த சீமைக்கருவேல முள்ளை வெட்டி எடுத்த நூறு நாள் வேலைத் திட்டத்துப் பெண்களை அன்று யாரும் பாராட்டவில்லை. விளையாத இடத்தில் என்ன வேலை என்று கேட்டவர்களும் உண்டு. கலங்கல் அடைபட்டிருந்தால் நீர் கரையின் மேல் ஏறி வழிந்திருக்கும், அப்புறம் ஊற்றைப் பற்றிப் பேசவே தேவை இருந்திருக்காது. மண் அணைகள் பலவும் அப்படித்தான் உடைகின்றன.

2021 நவம்பர் 19 அன்று ராஜம்பேட்டைக்கு அருகே செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணையில், மேலே பிஞ்சா அணை உடைந்து வந்த வெள்ளமும் சேர்ந்து மண் கரையை அடித்துச் சென்றது. அதே வாரத்தில் திருப்பதியை அடுத்த ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு ஊர்களைக் காலி செய்தார்கள். 2019 ஜூலை 2 இரவு மகாராட்டிரத்தின் திவாரே அணை உடைந்தபோது பழியை நண்டுகளின் மேல் போட்ட அமைச்சரை நாடே கேலி செய்தது. வளைகள் கரைக்குக் கேடுதான். ஆனால் வளையை அடைக்க வேண்டியது நண்டின் வேலை அல்லவே! 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 10 முதல் 15 மீட்டர் வரையிலான அணைகளையும்தான் கணக்கில் கொள்கிறது. எங்களுடையதைப் போன்ற சிறிய அணைகளுக்கு அடியோரம் நடக்கும் ஆள்தான் சட்டம்.

தை மாதம் நீர் வற்றியபின் தோண்டிப் பார்த்ததில், எப்போதோ வெட்டப்பட்ட வேப்பமரத்தின் வேர் மக்கி, நீருக்கு வழிவிட்டிருந்தது தெரிந்தது. பழைய கரையைப் படிக்கட்டாக வெட்டி, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காக மண் போட்டு, நீர் தெளித்து, ரோலர் ஓட்டி இறுக்கினோம். உருட்டிய மண் கையில் ஒட்டாமலும் உதிராமலும் இருக்கிறதா என்று ஒவ்வொரு அடுக்கிலும் சோதித்த மேஸ்திரிக்கும், டீசல் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு டிராக்டர் விட்ட பக்கத்து ஊர் தெலுங்கு நண்பர்களுக்கும், பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோருக்குச் சமைத்துப் போட்ட தாய்மார்களுக்கும் எங்கள் நன்றி.

அன்றிரவு அவசரத்தில் பல வீடுகளிலிருந்து எடுத்துவந்த தார்ப்பாய்கள், மண்வெட்டிகள், பாண்டுகள் ஆகியவை பஞ்சாயத்து அலுவலகத்தில் உள்ளன. உரியவர்கள் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ள வேண்டுகிறோம். மீந்த ஜல்லியையும் மணலையும் மட்டும் யாரும் எடுக்க வேண்டாம், அவை அடுத்த ஐப்பசி வரை மதகின் அருகிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
ஆயக்கட்டு விவசாயிகள் சார்பில்