ஆலை கேட்டில் போனை வாங்கி வைப்பது கொத்தடிமைத்தனம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் பகலில் போனையே எடுப்பதில்லை, காலையிலேயே கம்பெனிக்காரர்கள் அதைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்களாம், இது கொத்தடிமைத்தனம் இல்லாமல் வேறென்ன என்று ஓர் அம்மா நமது நாளிதழின் வாசகர் பகுதியில் கேட்டிருந்தார். நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன், ஜூரோங் தீவில் பைப் ஃபிட்டர். அந்த அம்மாவின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் கோபம் தப்பான இடத்தில் இறங்கியிருக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏழு சின்னத் தீவுகளுக்கு நடுவே கடலைத் தூர்த்து ஒன்றாக்கியதுதான் ஜூரோங் தீவு. குடியிருப்பு கிடையாது, எண்ணெய் சுத்திகரிப்பும் ரசாயன ஆலைகளும்தான். 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் கோபுரங்கள் இடிந்த பிறகு, பாஸ் இல்லாமல் யாரும் நுழைய முடியாத இடமாக இதை ஆக்கிவிட்டார்கள். சிங்கப்பூர்க்காரர்களே பாஸ் இல்லாவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். இந்த நாடு அதற்கும் முன்பே சூடு பட்டிருக்கிறது. 1974 ஜனவரியில் பக்கத்துப் புக்கோம் தீவில் நான்கு பேர் எண்ணெய்த் தொட்டிகளுக்குக் குண்டு வைத்தார்கள். தப்பிக்க வழியில்லாமல் போனதும் லாஜு என்ற படகைக் கைப்பற்றி, அதில் இருந்தவர்களைப் பணயமாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தது.

இப்படிப்பட்ட இடத்தை யாரும் படம் எடுத்துவிடக் கூடாது. அதனால் போனைத் தடுப்பதற்கு அதில் உள்ள கேமரா ஒரு காரணம். இன்னொன்று எங்கள் உயிர். வாயு கசிந்திருக்கும் இடத்தில் பேட்டரியிலிருந்து ஒரு பொறி கிளம்பினாலும் போதும். பொறி வராதபடி தயாரித்த தனி வகை போன் உண்டு. எங்கள் குழுவில் அது சூப்பர்வைசர் கையில் மட்டும் இருக்கும். நாங்கள் போனையும் லைட்டரையும் கேட்டுக்கு வெளியே லாக்கரில் பூட்டிவிட்டு, சாவியைக் கவரால் என்ற முழு உடல் வேலை உடுப்பின் உள்பையில் போட்டுக்கொண்டு போவோம். சாவி எங்களிடம்தான் இருக்கிறது, அம்மா. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டால் அது வேறு. அது இங்கே குற்றம். அப்படி நடந்தால் தாராளமாகக் கோபப்படுங்கள்.

எங்களுக்கு உண்மையிலேயே வெறுத்துப்போவது போன் விஷயம் இல்லை, கேட்டில் விரலை வைத்து ஆளைச் சரிபார்க்கும் ரேகை மெஷின்தான். நாளெல்லாம் கிரைண்டரும் இரும்பும் பிடித்து, சாயங்காலம் தின்னரில் கை கழுவுகிறவனுக்கு விரலில் ரேகை எங்கே இருக்கும்? வைத்தால் சிவப்பு. துடைத்து வைத்தால் மறுபடி சிவப்பு. பின்னால் வரிசை கத்தும். ஒருவன் விரலில் ஊதுவான், இன்னொருவன் நெற்றியில் தேய்த்து அந்த எண்ணெய்ப் பசையோடு வைப்பான். எங்கள் கேட்டில் காவலுக்கு நிற்பவர் ஒரு மலேசியத் தமிழ் அக்கா. "அண்ணே, கட்டைவிரல் வேணாம், நடுவிரலை வைங்க" என்று சொல்லிக்கொடுப்பார். நம்ம அக்காதானே என்று பையைத் திறக்காமல் போய்விட முடியாது. சோற்றுப் பொட்டலத்தைக்கூட ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. எனக்கு முன்னால் போனவனையும் அப்படிப் பார்த்திருக்கிறார் என்பதால்தான் உள்ளே நிம்மதியாக வேலை செய்ய முடிகிறது.

கெடுதல் எங்கே நடக்கிறது என்றால், இதையெல்லாம் ஊரில் யாரும் முன்கூட்டிச் சொல்லி அனுப்புவதில்லை. சிங்கப்பூர் வேலைக்கான ஸ்கில் டெஸ்ட் (தொழில் திறன் தேர்வு) அடிக்க மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறார்கள், ஏஜென்ட் லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறார். கேட் விதிகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேச ஆள் இல்லை. இங்கே வந்ததும் தமிழிலேயே பாதுகாப்பு வகுப்பு உண்டு, நன்றாகத்தான் நடத்துகிறார்கள். ஆனால் அது தலைக்கவசம், பெல்ட், வாயு, தீ பற்றியது. ஆலையின் கேட் விதியை முதல் நாள் ஆங்கிலத்தில் கடகடவென்று படித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். எங்களோடு இருந்த ஒரு பையன் எப்படியோ போனை உள்ளே கொண்டுபோய், நெருப்பு எரியும் புகைபோக்கி பின்னால் தெரிய ஒரு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் போட்டான். பெருமைக்காகத்தான், வேறு எண்ணம் இல்லை. மறுநாள் பாஸைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த வாரமே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஏஜென்டுக்குக் கட்டிய வட்டிக் கடன் அப்படியே நிற்கிறது.

அப்புறம் இன்னொன்று. என் அறையில் இருப்பவரின் அப்பா இறந்த செய்தி காலையிலிருந்து லாக்கருக்குள் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வேலை முடிந்து வெளியே வந்து பார்த்தால் எத்தனையோ மிஸ்டு கால். அன்றைய திருச்சி விமானத்தைப் பிடிக்க முடியவில்லை. அவர் போய்ச் சேருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. ஆபீஸில் எல்லா நேரமும் ஆள் இருக்கிறார். அவர் நினைத்தால் சில நிமிடத்தில் சூப்பர்வைசரைப் பிடித்துவிடலாம். ஆனால் அந்த ஆபீஸ் எண் என் அறைக்காரர் வீட்டில் யாருக்கும் தெரியாது. கம்பெனி கொடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஆகவே கம்பெனிகளிடமும் ஏஜென்டுகளிடமும் நாம் கேட்க வேண்டியது போனை உள்ளே விடச் சொல்லி அல்ல. வேலை உத்தரவோடு ஆபீஸின் அவசர எண்ணையும், கேட் விதிகளைத் தமிழில் எழுதிய ஒரு தாளையும் வீட்டுக்குக் கொடுக்கச் சொல்ல வேண்டும். பயிற்சி நடத்துகிறவர்கள் அந்தத் தாளைப் பையன்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

அந்த அம்மாவுக்கு: இங்கே மணி உங்களைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் போகும். உங்களுக்கு விடிவதற்கு முன்பே மகன் கேட்டைத் தாண்டியிருப்பார். ஓவர்டைம் இருந்தாலும் உங்கள் ஊர் மணிக்குப் பெரும்பாலும் சாயங்காலம் ஐந்துக்குள் லாக்கரைத் திறந்துவிடுவார். அடுத்த முறை பேசும்போது ஆபீஸ் எண்ணையும் சூப்பர்வைசர் எண்ணையும் கேட்டு வாங்கி வையுங்கள். கூடவே பாஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்றும் விசாரியுங்கள். அதைப் புதுப்பிக்க மறந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைய சம்பளமும் போய்விடும்.

இப்படிக்கு,
கந்தர்வகோட்டை வாசகர், தற்போது சிங்கப்பூர்
(பெயர் வெளியிட வேண்டாம்)