கலோரிப் படிவத்தை நிறுத்துங்கள்: மகளின் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

சாப்பிடுவதில் எத்தனை கலோரி என்று எழுதி நிரப்பச் சொல்லி உயர்நிலை இரண்டு பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுத்த கலோரிப் படிவம் மூன்று வாரமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் கிடக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

போன ஞாயிறு காலை என் மாமியார் இட்லி ஊற்றி, சின்ன வெங்காயம் போட்டு சாம்பார் வைத்தார். மகள் கைப்பேசியோடு அடுப்படிக்குப் போய், "பாட்டி, இதுல எத்தனை கிராம் பருப்பு, எவ்வளவு எண்ணெய்?" என்று கேட்டாள். கையளவில் சமைக்கிறவர் என்ன சொல்வார்? "ரெண்டு பிடி பருப்பு கண்ணு" என்றார். கலோரி பார்க்கும் செயலியில் பிடி என்று ஓர் அளவு கிடையாது. கொஞ்ச நேரம் தேடிவிட்டு, இட்லித் தட்டைத் தள்ளி வைத்து, அலமாரியிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தாள். ஏன் என்றேன். "இதுல நம்பர் போட்டிருக்கும்மா." மாமியார் ஒன்றும் பேசவில்லை. சாம்பாரை மூடி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

கலோரி என்பது ஆற்றலின் அளவு. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4, கொழுப்பில் 9. கூடவே நார்ச்சத்தும் புரதமும் வருகிறதா, எத்தனை மணிக்குத் திரும்பப் பசிக்கும் என்பதையெல்லாம் அந்த எண் சொல்லாது. 2022 இறுதியில் சிங்கப்பூரில் பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் வந்தபோதுகூட சர்க்கரையையும் நிறைகொழுப்பையும்தான் பார்த்தார்கள், கலோரியை அல்ல. என் கணவருக்கு நீரிழிவு, பலதுறை மருந்தகத்தில் சொன்னபடி அவர் கணக்கு வைத்துத்தான் சாப்பிடுகிறார், அது அவருக்கு உதவுகிறது, அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அவருக்கு வயது 46, பக்கத்தில் மருத்துவர் இருக்கிறார். வளர்கிற 14 வயதுப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? அதிலும் வாரக் கூட்டுத்தொகையை வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொல்கிறீர்களே, எதற்கு?

நான் 90களில் இங்கேதான் படித்தேன். 1992 முதல் 2007 வரை நம் பள்ளிகளில் பிள்ளைகளின் எடையைக் குறைக்க டிரிம் அண்ட் ஃபிட் திட்டம் இருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். தோழிகள் இடைவேளையில் மீ நூடல்ஸ் சாப்பிட, குண்டுப் பிள்ளைகள் நாங்கள் திடலைச் சுற்றி ஓடினோம். அப்புறம் பல வருஷம் நான் யார் முன்னாலும் சாப்பிட்டதில்லை. அதே வெட்கத்தை மகள் முகத்தில் பார்க்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் தட்டு இருக்கிறதே, பாதி காய்கறி பழம், கால்வாசி முழுதானியம், கால்வாசி மீனோ பருப்போ, அதைச் சொல்லிக் கொடுங்கள். அதை வைத்துப் பாட்டி சமையலையும் பார்க்கலாம், தேக்கா சந்தையில் வாங்கும் சாப்பாட்டையும் பார்க்கலாம். படிவத்தை மட்டும் நிறுத்திவிடுங்கள். பணிவோடுதான் கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நிரப்பிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த வாரம் அது வெறுமையாகத்தான் வரும். அவளை எதுவும் கேட்க வேண்டாம், என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.

இப்படிக்கு,
உயர்நிலை இரண்டு மாணவி ஒருத்தியின் அம்மா