பூவின் ஆயுளுக்கு ஏற்ற கடன் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுதொழில் கடன் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளைத் தவறாமல் வாசித்து வருகிறேன். அவற்றில் சொல்லப்படும் வழிகள் மளிகைக்கும் பட்டறைக்கும் பொருந்துகிற அளவுக்குப் பூ வியாபாரத்துக்குப் பொருந்துவதில்லை என்பதை, பூக்கடை நடத்துபவன் என்ற முறையில் தெரிவிக்க விரும்புகிறேன்.

மளிகைக் கடையில் விற்காத சரக்கு அடுத்த மாதமும் சரக்குதான். அதைப் பிணையாகக் காட்டிக் கடன் கேட்கலாம். வாளியில் நிற்கும் ரோஜாவோ சில நாட்களிலேயே கழுத்து வளைந்து, இதழ் உதிர்ந்து, குப்பைக்குப் போய்விடும் என்பதால் அதை ஈடாக ஏற்க வங்கிகள் தயங்குகின்றன. பூவுக்குப் பெரும்பாலும் அன்றன்றைக்கே ரொக்கம் கொடுத்தாக வேண்டும். நம்மிடம் வாங்கும் ஹோட்டல்களும் மண்டபங்களுமோ, பில் கொடுத்து 30 நாள், 60 நாள் கழித்துத்தான் பணம் தருகின்றன. லாபத்தில் ஓடும் கடையிலும் கல்லா காலியாக இருப்பது இந்த இடைவெளியால்தான்.

இந்த இடைவெளியை அடைக்க நீண்ட காலத் தவணைக் கடன் வாங்குவது தவறு என்பது என் உறுதியான கருத்து. பூ வாடிய பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி கட்டும் மேல்பற்று வசதியோ, நிலுவையில் உள்ள பில்லை வைத்து முன்பணம் பெறும் ஏற்பாடோதான் இதற்கு ஏற்றது. தவணைக் கடனைக் குளிர்பதனப் பெட்டிக்கும் வண்டிக்கும் வைத்துக்கொள்ளலாம். வாங்கும் பொருளே அங்கே ஈடாகிவிடும். ஆனால் அந்தப் பெட்டியை வாங்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரோஜாவும் கார்னேஷனும் 0 முதல் 2 டிகிரி செல்சியஸில் நன்றாக இருக்கும். அதே குளிரில் ஆந்தூரியம் கருகிவிடும், அதற்கு 12 டிகிரிக்குக் குறையக் கூடாது. எந்தப் பூ அதிகம் விற்கிறது என்று பார்க்காமல் கடன் வாங்கிப் பெட்டி வாங்கினால், பூவும் வீண், வட்டியும் வீண். மானியத்தை நம்புவோரும், பல திட்டங்களில் முதலில் நாமே செலவு செய்து ரசீது காட்டிய பிறகுதான் பணம் வரும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

எனக்குப் பெரும் கவலை தருவது, ஈடு கேட்காமல் உடனே பணம் தருகிறோம் என்று வருபவர்கள்தான். நூறு கொடுத்து, ஆறு மாதத்துக்குள் 130 வருமாறு அன்றாட விற்பனையிலிருந்து பிடித்துக்கொண்டால், கேட்பவருக்கு அது 30 சதவீதம் போலத் தோன்றும். அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், உண்மையான ஆண்டு வட்டி 100 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. முழு அசலுக்கும் 12 சதவீதம் கணக்கிட்டு, 12 மாதத் தவணையில் வாங்கும் கடனிலும் உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கு மேல். கணக்குப் பார்க்க நேரமில்லாத வியாபாரிதான் இதில் சிக்குகிறார்.

ஈடு கொடுக்க வழியில்லாத உழவர்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் பெறும் சங்கத்தை ஜெர்மனியில் ரைஃபைசன் 1864-இல் தொடங்கினார். பூ வியாபாரிகள் ஒன்றுசேர்ந்தால் அந்த வழி இன்றைக்கும் உதவும். மொத்தக் கொள்முதலையும் குளிர் அறையையும்கூடப் பகிர்ந்துகொள்ளலாம்.

பயிர்க்கடனை அறுவடையை ஒட்டித் திருப்பிச் செலுத்தும் முறை இருக்கிறது. அதேபோல, திருமணமும் விழாவும் நிறைந்த மாதங்களில் கூடுதலாகவும், மந்தமான மாதங்களில் வட்டியை மட்டும் கட்டும்படியும் தவணையை அமைத்துத் தருமாறு கடன் நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள்: கடன் விளம்பரங்களை வெளியிடும்போது, எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதத்தைக் கண்ணில் படும் அளவு எழுத்தில் அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையை விளம்பரதாரர்களுக்கு விதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பூக்கடை நடத்தும் வாசகர்