பாட்டியைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள்: ஆர்லாண்டோ கிளம்பும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் குடும்பத்தோடு இருக்கும் நண்பர்களுக்கு, வணக்கம்.

ஊரிலிருந்து அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ வந்தால், கோடை விடுமுறையில் ஆர்லாண்டோவின் டிஸ்னி வேர்ல்டுக்கு ஒரு தடவையாவது கூட்டிப்போவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. கோட்டைக்கு முன்னால் பேரப்பிள்ளைகளோடு தாத்தா பாட்டி நிற்கும் படம் பல வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. அந்தப் படத்தை எடுத்த பிறகு பாட்டி நாள் முழுக்க எங்கே இருந்தார் என்று கேட்டுப் பாருங்கள். ஏதோ ஒரு மர நிழலில், பெஞ்சில், பைகளுக்குக் காவலாக இருந்திருப்பார். "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்" என்று அவரே சொல்லியிருப்பார். நாமும் சரி என்று போயிருப்போம்.

அந்தச் 'சரி'யை இனிமேல் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். உட்கார்ந்தபடியே ஓட்டிப் போகிற மின்சார ஸ்கூட்டர் பூங்கா வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கிறது. அதை அவருக்கு எடுத்துக் கொடுங்கள்.

"எங்க அம்மா நல்லாத்தானே நடக்கிறாங்க" என்பீர்கள். வீட்டுக்குள்ளும் கோயிலிலும் நடப்பது வேறு. டிஸ்னி பூங்காக்களில் ஒரு நாளைக்குப் பத்துக் கிலோமீட்டர் நடை சர்வசாதாரணம். அங்குள்ள பூங்காக்களில் ஒன்றான எப்காட்டில் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன. அந்த ஒரு சுற்று மட்டுமே சுமார் இரண்டு கிலோமீட்டர். கோட்டை இருக்கிற மேஜிக் கிங்டம் பூங்காவில் காரை நிறுத்திய பிறகு படகோ மோனோரயிலோ பிடித்தால்தான் வாசலே வரும். இதற்கு மேல் ஃப்ளோரிடா வெயிலும் புழுக்கமும். முட்டி தேய்ந்த எழுபது வயதுக்காரரிடம் காலையில் "நடக்க முடியுமா?" என்று கேட்டால் முடியும் என்றுதான் சொல்வார். மதியம் மூன்று மணிக்கும் முடியுமா என்று யோசிக்க வேண்டியது நாம்.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் முதலில் ஒரேயடியாக மறுத்துவிட்டார். வண்டியில் உட்கார்ந்த படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும், உடனே ஊரிலிருந்து "அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று போன் வரும், நோயாளி என்று முத்திரை விழும் என்கிற கூச்சம். இந்தக் கூச்சத்தை அதட்டியோ கேலி செய்தோ போக்க முடியாது. நான் பழனியை நினைவுபடுத்தினேன். 693 படி ஏற முடியாதவர்கள் விஞ்சில் போகிறார்கள், ரோப் காரில் போகிறார்கள். திரும்பி வந்தவரிடம் தரிசனம் நன்றாகக் கிடைத்ததா என்று கேட்போமே தவிர, ஏன் படியேறவில்லை என்று யாரும் கேட்பதில்லை. அத்தை பதில் பேசவில்லை. ஆனால் மறுநாள் காலை வண்டியில் ஏறினார்.

சக்கர நாற்காலி போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். கை வலுவில்லாத பெரியவர் அதில் உட்கார்ந்தால், தள்ளுகிறவர் போகிற இடத்துக்குத்தான் போக முடியும். "பாவம், பிள்ளை வெயில்ல தள்ளிக்கிட்டு வர்றான்" என்கிற நினைப்பில் தண்ணீர் வேண்டும் என்பதைக்கூட நம் பெரியவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். ஸ்கூட்டர் அப்படியில்லை. நாங்கள் எடுத்த வண்டியில் கைப்பிடிக்குக் கீழே ஒரு பிடி இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் போகும், விரலை எடுத்தால் நின்றுவிடும். வேகத்துக்கு ஒரு திருகு. அதன் ஒரு பக்கம் ஆமைப் படம், மறுபக்கம் முயல். முதல் ஒரு மணி நேரம் அத்தை ஆமையை விட்டு நகரவில்லை. மதியத்துக்குள் பாதி தூரம் முயல் பக்கம் வந்துவிட்டார். எப்காட்டில் நாங்கள் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருந்தபோது அவர் பாட்டுக்குக் கிளம்பி, மொராக்கோ அரங்கில் போய் நின்றார். அந்நாட்டு மன்னர் அனுப்பிய கைவினைஞர்கள் பதித்த ஓடுகள் அங்கே சுவர் முழுக்க இருக்கும். நாங்கள் தேடிக்கொண்டு போனபோது, ஒவ்வொரு ஓடாகக் கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்கா வந்ததிலிருந்து எங்கள் பின்னாலேயே நடந்தவர், அன்றைக்கு எங்களைத் தன் பின்னால் வரவைத்தார். அவர் முகத்தில் அந்தக் களையை நான் அதற்கு முன்பு அமெரிக்காவில் பார்த்ததே இல்லை.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். டிஸ்னி பூங்காவின் ஸ்கூட்டரை முன்பதிவு செய்ய முடியாது. முதலில் போகிறவர்களுக்குக் கிடைக்கும், கூட்டமான நாட்களில் காலையிலேயே தீர்ந்துவிடும். அதைப் பூங்காவுக்கு வெளியே கொண்டுபோகவும் விடமாட்டார்கள். பல நாள் தங்குகிறீர்கள் என்றால் வெளி நிறுவனங்களிடம் எடுத்துத் தங்குமிடத்திலிருந்தே ஓட்டிப் போவது மேல். டிஸ்னி பேருந்துகளில் ஸ்கூட்டரோடு ஏறலாம், சாய்தளம் உண்டு. ஆனால் வண்டி 32 அங்குல அகலம், 48 அங்குல நீளத்துக்குள் இருக்க வேண்டும். வாடகை பேசும்போதே கேட்டுவிடுங்கள். ஓட்டுபவருக்கு 18 வயது ஆகியிருந்தால் போதும், டாக்டர் சீட்டெல்லாம் கேட்பதில்லை. பேத்தியை மடியில் வைத்து ஓட்ட ஆசையாகத்தான் இருக்கும். ஒரு வண்டிக்கு ஓர் ஆள்தான் என்பது விதி, பிள்ளையின் நலனுக்கும் அதுதான் நல்லது.

சேலை கட்டுகிறவர்களுக்கு ஒன்று. முந்தானையும் கொசுவமும் சக்கரத்துப் பக்கம் போகக்கூடாது. முந்தானையை இழுத்துச் செருகிப் பின் குத்துங்கள், முடிந்தால் அன்றைக்குச் சுடிதார் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், துப்பட்டா வேண்டாம். வாடகைக்குக் கொடுக்கிற கடைக்காரருக்கு இது தோன்றாது, நாம்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். அப்புறம், கழிப்பறைக்கு அலைய வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். துணைக்கு ஓர் ஆள் கூடவே போகக்கூடிய பெரிய கழிப்பறைகள் ஒவ்வொரு பூங்காவிலும் இருக்கின்றன, வரைபடத்தில் குறித்திருப்பார்கள். இன்சுலின் போடுகிறவர்கள் முதலுதவி மையத்தின் குளிர்பெட்டியில் மருந்தைக் கொடுத்து வைக்கலாம்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. "பாட்டியை வண்டியில் உட்கார வைத்தால் வரிசையில் நிற்க வேண்டாம்" என்று நம்மவர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது. அது உண்மையில்லை. பெரும்பாலான வரிசைகள் ஸ்கூட்டர் போகிற அகலத்தில்தான் இருக்கின்றன. எல்லோரையும் போலக் காத்திருந்துதான் போக வேண்டும். வண்டியில் போய் விலங்குகளைப் பார்க்கும் கிளிமஞ்சாரோ சஃபாரி போன்ற சிலவற்றில் ஸ்கூட்டரிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறினால் நாற்காலியோடு அப்படியே ஏற்றிக்கொள்வார்கள். வரிசைக்கு வெளியே காத்திருக்கும் சலுகை டிஸெபிலிட்டி ஆக்சஸ் சர்வீஸ் என்ற தனித் திட்டம். பணக்காரக் குடும்பங்கள் மாற்றுத்திறனாளிகளை வாடகைக்கு அமர்த்தி வரிசை தாண்டுவதாக 2013-இல் செய்தி வந்தது. அந்த அக்டோபரில், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி அட்டை கொடுக்கும் பழைய முறை போய் இந்தத் திட்டம் வந்தது. 2024 மே 20 முதல் டிஸ்னி வேர்ல்டு அதையும் இறுக்கி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களுக்கானது என்று ஆக்கிவிட்டது. குறுக்கு வழி தேடியவர்களால் உண்மையிலேயே தேவைப்பட்ட பலர் இன்று கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவரை நுழைவுச்சீட்டாக நினைக்கிற பழக்கம் நமக்கு வேண்டாம்.

முறைக்கிறவர்களும் இருப்பார்கள். படம் எடுக்க அத்தை வண்டியை விட்டு எழுந்து நின்றபோது, பக்கத்தில் போன ஒருவர் "நடக்கத்தான் முடிகிறதே" என்று காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனார். பத்தடி நடக்க முடிந்தவருக்குப் பத்துக் கிலோமீட்டர் முடியாமல் போகலாம் என்பது அவருக்குத் தெரியவில்லை. 1990-இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டமும் அதன் விதிகளும், மற்றவர்கள் நடக்கிற இடமெல்லாம் இந்த வண்டியும் போகலாம் என்று தெளிவாகச் சொல்கின்றன. அத்தையிடம் அதைச் சொன்னேன். அடுத்த படத்துக்கு அவர் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். அந்தப் படம் வாட்ஸ்அப் குழுவுக்கும் போனது.

ஆர்லாண்டோ போய் இறங்கிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் கண்டிப்பாக மறுப்பார்கள். ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். உங்கள் ஊர்ப் பெரிய சூப்பர் மார்க்கெட் வாசலில் கூடை வைத்த மின்சார வண்டிகள் நிற்கும், கட்டணம் கிடையாது. கூட்டமில்லாத காலை நேரத்தில் அவரைக் கூட்டிப்போய், காய்கறிப் பக்கம் அதில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வெண்டைக்காய் எடுக்கத் தானே நிறுத்தி, தானே திருப்பப் பழகிவிட்டாரென்றால் ஸ்கூட்டருக்குச் சொல்லிவிடலாம்.

அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு மருமகள்