பேர் போட வேண்டாம்னு சொன்ன அண்ணனுக்கு

பொள்ளாச்சிப் பக்கம் ஞாயித்துக்கிழமை ஜென் தியானத்துக்குக் கூடுற எல்லாருக்கும் அந்த அண்ணனைத் தெரியுமுங்க. கொடைக்கானல் பெருமாள்மலையில 1996-ல் தொடங்கின போதி ஜெண்டோங்கிற ஜென் தியான மையத்துல உட்கார்ந்து பழகினவர். வருசக்கணக்கான பயிற்சி, ஆனா யாருக்கும் பாடம் எடுத்ததில்லை. நாங்க வர்றதுக்குள்ள கூடம் கூட்டி, பாய் விரிச்சு, மணியைத் தொடைச்சு வெச்சிருப்பாரு. அமுங்கிப்போன வட்டத் திண்டுகளைப் பிரிச்சு, இலவம்பஞ்சை வெயில்ல காயப்போட்டு, கொட்டை பொறுக்கி, மறுபடி அடைச்சு, சணல் ஊசியால அவரே தைப்பாரு. அந்தத் தையல் இன்னும் ஒண்ணுகூட விட்டதில்லை. முட்டி வலியால எங்கம்மா வராம நின்னப்ப, மண்டிபோட்டு உட்காரச் சின்னப் பலகை ஒண்ணு செஞ்சு கொண்டாந்து வெச்சாரு. அம்மா இப்ப தவறாம வர்றாங்க. வைகாசிப் பௌர்ணமிக்கு அத்தனை பேருக்கும் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப் போட்டதும் அவர்தான்.

அண்ணா, மனசார நன்றிங்க. அடுத்த பௌர்ணமிக்குச் சமையல் எங்க பொறுப்பு, நீங்க முன்னால உட்காருங்க.