"ஓம் ஐயா" என்றால் ஒப்புதலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன, குற்றத்தை ஒப்புக்கொள்பவருக்குத் தண்டனையைக் குறைத்து வழக்கை முடிக்கும் பேர முறையைச் சட்டமாக்கினால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இலங்கையின் கிழக்கில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஊரில் இன்னமும், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்குரிய பழைய பெயரால், முதலியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கும் இதில் சொல்ல ஒன்று உண்டு.

தடைசெய்யப்பட்ட தங்கூசி (நைலோன் இழை) வலை வைத்திருந்ததாக வழக்கு, எதிரே ஒரு பெடியன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கூண்டில் ஏறினான். "சுற்றவாளியா, குற்றவாளியா?" என்று கேட்டேன். "ஓம் ஐயா" என்றான். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். சுற்றவாளி என்றால் குற்றமற்றவர்; அந்தச் சொல்லை நீதிமன்றத்துக்கு வெளியே யார் பேசுகிறார்கள்? திரும்பக் கேட்டதற்கு, "குற்றவாளி எண்டே போடுங்கோ ஐயா" என்றான். பிறகு விறாந்தையில் தண்டம் கட்ட நின்றபோதுதான், வலை மாமாவின்ரது, தான் அன்று படகிலே ஏறவே இல்லை என்றான்.

"ஏன் தம்பி அதைச் சொல்லவில்லை?"

"வழக்காடினா எத்தனை தவணை வர வேணும் ஐயா?"

தவணைக்கு ஒரு நாள் தொழில் போகும், பஸ் காசும் போகும். அவன் செய்ததும் பேரம்தான், எதிரே பேச ஆளில்லாத பேரம்.

மேல் நீதிமன்றத்தில் கொலைக் குற்றச்சாட்டு குறைந்த குற்றமாகச் சுருங்கி, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், அதை ஒப்புக்கொள்வதைச் சட்டத்தரணிமார் அறிவார்கள். அங்கே எதிரிக்காகப் பேச ஒரு சட்டத்தரணியாவது நிற்பார். என் கவலை கீழ் நீதிமன்றத்தில் நிற்பவனைப் பற்றியது.

இந்தியாவில் 2006 இல் இந்த முறை வந்தபோது, 7 வருடத்துக்கு மேல் தண்டனையுள்ள குற்றங்களையும், பெண்களுக்கும் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் எதிரான குற்றங்களையும் விலக்கி வைத்தார்கள். எனக்குப் பிடித்தது இன்னொன்று: மறுதரப்பு இல்லாமல் நீதிபதி எதிரியைத் தனியே விசாரித்து, மனம் விரும்பித்தான் வந்திருக்கிறானா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவிலோ கூட்டாட்சி நீதிமன்றங்களில் குற்றத் தீர்ப்புகளில் 97 சதவீதம் ஒப்புதலால் வந்தவை என்று அந்நாட்டு அதியுயர் நீதிமன்றமே 2012 இல் எழுதியது. விசாரணை என்பதே அங்கே அபூர்வம். பொலிசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தையே சாட்சியாக்கிய 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கண்ட நமக்கு, ஒப்புதல் என்ற சொல்லைக் கேட்டாலே கொஞ்சம் கூசும்.

சரி, சட்டம் வரட்டும். அந்தத் தனி விசாரிப்பும் அதில் இருக்கட்டும். ஆனால் நீதிபதியும் எதிரியும் ஒரே மொழி பேசாவிட்டால் அந்த அறையில் மொழிபெயர்ப்பாளர் இருந்தே ஆக வேண்டும். அவர் லீவு என்றால் அன்று தவணை போடட்டும். வழக்கைக் கொண்டுவந்த பொலிஸ்காரரையே பக்கத்தில் கூப்பிட்டு, "இவன் என்ன சொல்றான் எண்டு சொல்லும்" என்று கேட்டதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
உப்புவெளி, திருகோணமலை