ஹேண்ட்மேட்னு பேனர் கட்டுற கண்காட்சி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, கோவை, மதுரைன்னு ஊர் ஊரா கல்யாண மண்டபத்துலயும் ஹோட்டல் ஹால்லயும் சேல் போடுற எல்லா அமைப்பாளர்களுக்கும் வணக்கம். நாங்க டெரகோட்டா நகை செய்றவங்க, ஆரி ஒர்க் போடுறவங்க, சில்க் த்ரெட் வளையல் சுத்துறவங்க, குரோஷா பின்றவங்க, துணிப்பை தைக்கிறவங்க. உங்க ஹால்ல வாடகை குடுத்து உக்காந்தவங்கதான், அந்த உரிமைலதான் இத எழுதுறேன்.

விஷயம் ஒண்ணே ஒண்ணு. வாசல்ல 'கைவினை நகை, ஆடை கண்காட்சி'ன்னு ஆளுயரத்துக்கு பேனர் கட்டுறீங்க, உள்ள வந்து பாத்தா பாதி டேபிள்ல சவுகார்பேட்டைலயும் டெல்லி சதர் பஜார்லயும் டஜன் கணக்குல எடுத்துட்டு வந்த சரக்கு. ஒரே டிசைன் ஜிமிக்கி நாலு ஸ்டால்ல தொங்குது, கவர் கூட பிரிக்கல. அவங்க யாவாரம் பண்றது தப்புன்னு நான் சொல்லவே இல்ல, அவங்களும் லக்கேஜ் சார்ஜ் கட்டி மூட்டை தூக்கிட்டுத்தான் வர்றாங்க, அவங்களுக்கும் வீடு இருக்கு. ஆனா அந்த பேனருக்குக் கீழ எதுக்கு உக்கார வைக்கிறீங்க, அதான் கேள்வி.

ஒரு ஜோடி களிமண் கம்மல் எப்படி வருதுன்னு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல. மண்ண நல்லா பிசையணும், உள்ள காத்து நின்னு அங்க ஈரம் தங்குச்சுன்னா சூளைல வெடிச்சுரும், பக்கத்துல இருக்கறதையும் சேத்து கெடுத்துரும். உருட்டி, வெட்டி, டிசைன் போட்டு, கம்பி மாட்ட ஓட்டை போட்டு நிழல்ல காய வைக்கணும், அவசரப்பட்டு வெயில்ல வச்சா விரிசல் விடும். அப்புறம் உமி, மரத்தூள், கரி போட்டு சுடணும், ஆறுனதும் பெயின்ட், வார்னிஷ், அதுக்கப்புறம் கொக்கி. இதுல பெரிய கூத்து என்னன்னா உங்க தீபாவளி சேல் வர்றதே ஐப்பசி மழைல. ஈரக் காத்துல மண்ணு காயவே காயாது, வீட்ல ஃபேனுக்கு அடில தட்டு தட்டா அடுக்கி வச்சு, நடக்க இடம் இல்லாம, மாமியார் திட்டி, அப்படித்தான் ஸ்டாக் ரெடி ஆகுது. மொத்த விலைல வாங்குறவங்களுக்கு ஐப்பசியும் ஒண்ணுதான் சித்திரையும் ஒண்ணுதான்.

இப்ப கணக்குக்கு வருவோம். ரெண்டு நாள் ஸ்டாலுக்கு 8,000 ரூபா வாடகைன்னு வச்சுக்கோங்க, கம்மல் ஜோடி 150. மண்ணு, பெயின்ட், கொக்கி, டப்பா எல்லாம் போக கைல 110 நிக்குதுன்னு வைங்க. அப்ப வாடகைய எடுக்கவே 73 ஜோடி விக்கணும், நம்ம கூலி அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. பக்கத்து டேபிள்ல 'எது எடுத்தாலும் 50'னு போர்டு வச்சா கஸ்டமர் என்ன பண்ணுவாங்க, நம்ம கம்மல காதுல வச்சுப் பாத்துட்டு, அங்க வெறும் அம்பதுதானே நீங்க மட்டும் ஏன் இவ்ளோ சொல்றீங்கன்னு கேக்கறாங்க. அவங்க மேல கோவமே வரல. எது கையில செஞ்சது எது மிஷின்ல அச்சு போட்டதுன்னு பிரிச்சுக் காட்ட வேண்டிய பொறுப்பு பேனர் கட்டுனவங்களுக்குத்தான்.

அடுத்து உங்க ஃபார்ம். ஜிஎஸ்டி நம்பர் இல்லன்னா ஸ்டால் இல்லங்கறீங்க சில பேர். தமிழ்நாட்டுக்குள்ளயே பொருள் விக்கறவங்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டுனாத்தான் பொதுவா பதிவே கட்டாயம், எங்கள்ல எவ்ளோ பேரு அந்த நம்பர கனவுலயாவது பாத்திருப்போம்? இந்த ஒரு கட்டத்தாலயே செய்றவங்க வெளிய, வாங்கி விக்கறவங்க உள்ள. கேக்கணும்னா கைவினைஞர்களுக்கு மத்திய அரசு குடுக்கற பெஹ்சான் கார்டு இருக்கான்னு கேளுங்க. அது இல்லாதவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்க கிட்ட வேலை நடக்கும்போது எடுத்த வீடியோ ரெண்டு கேளுங்க, அஞ்சு நிமிஷ வேலை. மூணு மாசம் பழைய வேலை ஃபோட்டோ எங்க எல்லார் ஃபோன்லயும் கிடக்கு.

துணிக்காச்சும் கைத்தறிக்குன்னு 1985ல ஒரு சட்டம் வந்துச்சு, இன்ன இன்ன ரகத்த விசைத்தறில நெய்யக் கூடாதுன்னு, 2006ல கைத்தறி முத்திரையும் வந்துச்சு. அதுக்கப்புறமும் விசைத்தறி சேலைய கைத்தறின்னு விக்கறது நின்ன பாடில்ல, சட்டம் இருந்தே இந்த லட்சணம்னா களிமண் கம்மலுக்கும் நூல் வளையலுக்கும் யாரு இருக்கா? கேட்ல நிக்கற நீங்கதான்.

கேட்டை தொறந்து விட்டா என்ன ஆகும்னு எட்சிய பாருங்க. 2005ல கைவேலைக்குன்னே ஆரம்பிச்ச அமெரிக்க ஆன்லைன் சந்தை, 2013ல வெளி தயாரிப்பாளர் வச்சு செஞ்சு விக்கலாம்னு விதிய மாத்துனாங்க. 2022 ஏப்ரல்ல கமிஷன 5 சதவீதத்துல இருந்து 6.5 ஆக்குனப்போ ஆயிரக்கணக்கான பேரு ஒரு வாரம் கடைய மூடிட்டாங்க, அப்ப அவங்க வச்ச கோரிக்கைல கமிஷன் மட்டும் இல்ல, வாங்கி விக்கறவங்கள வெளிய அனுப்புங்கங்கறதும் இருந்துச்சு. இந்தப் பக்கம் டெல்லில ஐஎன்ஏ மார்க்கெட் எதிர்ல தில்லி ஹாட்னு ஒரு கைவினைச் சந்தை, 1994ல ஆரம்பிச்சது. பதிவு பண்ண கைவினைஞர்களுக்கு கம்மி வாடகைல 15 நாள், அப்புறம் வேற ஆளு, அப்படி சுழற்சில ஸ்டால் குடுக்கற ஏற்பாடு. அது அரசாங்க இடம், எங்களால வாடகைய அப்படி வைக்க முடியாதுன்னு நீங்க சொல்வீங்க, சரி ஒத்துக்கறேன். ஆனா ஒரு ஸ்டால ரெண்டு பேரு பங்கு போட்டுக்க விடறதுக்கு உங்களுக்கு என்ன செலவு? அதையே நிறைய பேரு வேணாங்கறீங்க.

இன்னொண்ணும் சொல்லணும், எங்க ஆளுங்களுக்கே இது பிடிக்காம போகலாம். கையில செஞ்சதுங்கறது மட்டும் போதாது. கடைல மலிவா தொங்கற டாப் நிஜ குரோஷாவா இருந்தா அதுவும் யாரோ ஒருத்தர் ஊசி புடிச்சுப் போட்டதுதான், அவங்களுக்கு என்ன கூலி கிடைச்சிருக்கும்னு விலைய பாத்தாலே தெரியும். ஆரி பிளவுஸ் விக்கற டிசைனர் கடைல கூட, துணிய இழுத்துக் கட்டுன ஃப்ரேம் முன்னாடி முதுகு வலிக்க உக்காந்து போட்ட அண்ணன் பேரு எங்கயும் இருக்காது. அதனால ஸ்டால் போர்டுல கடைப் பேரோட செஞ்சவங்க பேரு, ஊரு ரெண்டும் எழுதணும்னு விதி வைங்க. வாங்கி விக்கறவங்களுக்கு தனி வரிசை குடுங்க, அங்க வேற பேனர் கட்டுங்க, யாரும் சண்டைக்கு வர மாட்டோம்.

ஆடி முடிஞ்சதும் தீபாவளி ஸ்டால் புக்கிங் மெசேஜ் அனுப்ப ஆரம்பிச்சுருவீங்க. இந்த தடவ அதுல ஹாலோட ஃபோட்டோவும் ரேட்டும் மட்டும் போடாம, யார செக் பண்ணி எடுக்கறீங்க, பங்கு ஸ்டால் உண்டா, தேதி மாறுனா அட்வான்ஸ் திரும்ப வருமான்னு சேத்து எழுதி அனுப்புங்க. அத படிச்சுட்டு பணம் போடுறோம்.